அண்ணன் பெயரில் ஒரு குப்பி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

குட்டி எழுதுவது. இங்கே எனக்குக் காலையில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, மாலையில் இறங்குகிறது. நடுவில் இருப்பது ஆஸ்பத்திரி வேலை. அங்கே அண்ணனின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் அவர் பின்னாலிருந்து "எவனுக்கு முழங்கால் வலி?" என்று கத்துவார், நீங்கள் சிரிப்பீர்கள், பேச வந்த விஷயம் காற்றோடு போய்விடும். அதனால்தான் கடிதம். எங்கள் லேப் வேன் செவ்வாய்க்கிழமைதோறும் உங்கள் ஊருக்கு வருகிறது. டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்குக் குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் திட்டம் என் தலையில் விழுந்திருப்பது உங்களுக்குத் தெரியும். வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனை. மலத்தை ஒரு குச்சியால் தொட்டு, குப்பிக்குள் போட்டு மூடி அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. வட்டாரம் முழுக்கத் தபாலில் அனுப்பினோம். பத்தில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒரு பெரிய மனிதர், 'இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை' என்று தன் கையாலேயே எழுதித் திருப்பிவிட்டார். இன்னொருவர் குப்பியில் பற்பசையை அடைத்து அனுப்பியிருக்கிறார். கிண்டலாம்.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மைக்'. போன வாரம் கூட்டம் போட்டு, "மக்களோடு கைகோத்தால்தான் எண்ணிக்கை ஏறும்" என்று அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்து, "சிஸ்டர் பாத்துக்குவாங்க" என்று என்னைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். யார் கையைக் கோப்பது என்று அவர் சொல்லவில்லை. வருடக் கடைசிக்குள் எண்ணிக்கை ஏறாவிட்டால் வேனை நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் தையல்காரர் சங்கத்தால் ஏதாவது செய்ய முடியுமா? அண்ணனோடு ஒரே பஸ்ஸில் இருபது வருஷம் ஓடிய கண்டக்டர் போன வருஷம் எப்படிப் போனார் என்று பார்த்தீர்கள். எங்கள் வார்டுக்கு வரும்போதே எல்லாம் முற்றிப்போயிருந்தது. அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அதே அண்ணன் தனக்கு வந்த கவரைப் பிரிக்கவே இல்லையாமே? எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணனின் முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்.

அன்புடன்,
குட்டி


பிப்ரவரி 20

அன்புள்ள குட்டிக்கு,

தலை நரைத்தாலும் நீ எனக்குக் குட்டிதான். உன் அண்ணனின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் அடித்தால் மறந்துபோகிறது. பெரியவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவனை விட்டு இருமல் போய்விட்டது. நீ மாத்திரையைத் தவறாமல் போடு.

முதலில் உங்கள் கவரைத்தான் குறை சொல்ல வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைச் சுருட்டிவைத்தாற்போல அதன்மேல் ஒரு குடல் படம். கீழே கொட்டை எழுத்தில் 'மல மாதிரி'. தபால்காரர் அதைத் தெருவில் நீட்டும்போது எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். மானமுள்ளவன் வாங்குவானா? உங்கள் ஆஸ்பத்திரியில் படம் போட்டவருக்கு வெட்கம் என்று ஒன்று உண்டா?

சங்கத்தில் பேசினேன். நாங்கள் உங்களுக்கு வேலைக்காரர்கள் இல்லை, கூட்டாளிகள் என்றால் சரி. மூன்று விஷயம் கேட்கிறோம். வெட்டுத்துணியில் சின்னதாக மூடிய பை தைத்துத் தருகிறோம். அதற்குள் குப்பியை வையுங்கள், வெளியே ஓர் எழுத்தும் கூடாது. கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் எங்கள் கடைகளில் நடக்கட்டும். அளவெடுக்கும்போது ஒரு பொம்பளை சொல்லாத ரகசியம் கிடையாது. நாடாவைக் கழுத்தில் போட்டபடியே பேசிவிடலாம். ரிசல்ட் மோசமாக வந்தால் தபாலில் வரக்கூடாது, நீ நேரில் சொல்ல வேண்டும்.

உன் அண்ணனிடமும் பேசிப் பார்த்தேன். "வண்டி ஓடுதுல்ல? அப்புறம் எதுக்கு பானெட்டைத் தூக்கிப் பாக்கணும்?" என்றார். நான் சும்மா இருப்பேனா? "கண்டக்டர் அண்ணன் வண்டியும் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?" என்றேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. பெரியவளுக்கு என் வாழ்த்து. அண்ணன் இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

உங்கள் பைக்கு அனுமதி வாங்க நான்கு கூட்டம் நடந்தது. துணிப்பையில் கிருமி இருக்கும் என்றார் ஒருவர். குடல் படம் நிபுணர் குழு ஒப்புக்கொண்டது, எடுக்க முடியாது என்றார் இன்னொருவர். பைமேல் ஆஸ்பத்திரி முத்திரை வேண்டும் என்று மூன்றாமவர் பிடிவாதம் பிடித்தார். "முத்திரை தெரியக்கூடாதுன்னுதான் சார் பையே" என்று கத்திவிட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதை. கடைசியில் முத்திரையை உள்பக்கம் தைப்பதாக முடிவு. எப்படித்தான் இவர்கள் வீட்டில் சட்டை மாட்டுகிறார்களோ!

குப்பிகள் இந்த வேனில் வருகின்றன. ஸ்டிக்கரில் பெயரும் வயதும் எழுதிக் குப்பியில் ஒட்டச் சொல்லுங்கள், பையில் அல்ல. ஒரு குப்பி, ஓர் ஆள். மாறிவிட்டால் எல்லாம் பாழ்.

இன்னொரு சங்கதி. பெண்கள் எப்படியும் கொடுத்துவிடுவார்கள், அதில் செய்தி இல்லை என்கிறார் மைக். எந்தத் தெருவில் ஆண்கள் அதிகம் கொடுக்கிறார்களோ அந்தத் தெருவுக்கு ஒரு கேடயம், பேப்பரில் படம். ஆண்களின் எண்ணிக்கை ஏறினால் வேன் நிற்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு இந்தக் கேடய விளையாட்டுப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேனை நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

அன்புடன்,
குட்டி


ஏப்ரல் 17

அன்புள்ள குட்டிக்கு,

உன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், நன்றாகக் கத்துகிறார். சின்னவனுக்குப் பல்வலி, பிடுங்கியாகிவிட்டது.

பை பிரமாதம்! பூப்போட்டது, கட்டம் போட்டது என்று பெண்கள் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒருத்தி, "என் சட்டைத் துணிக்கே பொருத்தமா குடுங்க" என்றாள். போன செவ்வாய் மட்டும் பெட்டி நிறையப் போனதே, பார்த்தாயா? கடைசியில் இஸ்திரிக்காரம்மா வந்தபோது குப்பி தீர்ந்துவிட்டது. அவளை மறுபடி வரச் சொன்னால் வரமாட்டாள் என்று எனக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்று அடுத்த வேனில் போட்டு அனுப்பு.

ஆண்கள்தான் கல்லுளிமங்கன்கள். ஒருவர், "ஃபிரிட்ஜுலயா வைக்கச் சொல்றே?" என்று மூன்று நாள் அந்த ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். குப்பி அப்போது காலி! உன் அண்ணன் பையைப் பரண்மேல் எறிந்துவிட்டார். "மடியில கனமில்ல, வழியில பயமில்ல" என்று எனக்கே பழமொழி சொல்கிறார். சங்கத்தில் நேற்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்: "தலைவி வீட்டுலயே வரலையே, எங்க வீட்டுல எப்படிக்கா வரும்?" கத்தரியை எடுத்து எதையோ வெட்டிக்கொண்டு நின்றேன்.

அன்புடன்,
அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்! இந்த மாதம் உங்கள் தெருவிலிருந்து மட்டும் நாற்பதுக்கு மேல் ஆண்களின் குப்பிகள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தபோது அண்ணன் பெயரும் வந்தது. கோழி கிறுக்கினாற்போல அவர் பெயரை எழுதியிருந்தீர்கள். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு லேபில் நின்று சிரித்தேன். லேப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எப்படி மடக்கினீர்கள்? சாப்பாட்டை நிறுத்தினீர்களா?

இஸ்திரிக்காரம்மாவுக்கு ரத்தம் காட்டியது. நேரில் போய்ச் சொன்னேன், வந்தார். கேமரா விட்டுப் பார்த்ததில் குடலில் ஒரு சின்னச் சதைமுளை. அன்றே எடுத்துவிட்டார்கள். இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த ஒரு முகத்துக்காக நான்கு கூட்டத்தையும் மன்னித்துவிட்டேன்.

மைக்குக்கு ஒரே குஷி. கேடயம் உங்கள் தெருவுக்குத்தான். அண்ணனுக்கு என் முத்தம் என்று சொல்லுங்கள், திட்டுவார்.

அன்புடன்,
குட்டி


மே 29

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்ன நிபந்தனைப்படி நானே நேரில் வந்திருக்க வேண்டும். இங்கே ஆள் இல்லை, விடவில்லை. போனில் சொன்னால் அண்ணன் கேட்டுவிடுவார். அதனால் வேன் டிரைவரிடம் உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் பெயரில் வந்த குப்பியில் ரத்தம் காட்டுகிறது.

பயப்படாதீர்கள். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மூலம் இருந்தாலும் காட்டும், சின்னப் புண்ணுக்கும் காட்டும். ஆனால் கேமரா விட்டுப் பார்க்காமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அடுத்த வாரமே தேதி வாங்கிவிட்டேன். கையைக் காலைக் கட்டியாவது கூட்டி வாருங்கள். கண்டக்டரின் முகம்தான் கண்முன் நிற்கிறது.

குட்டி


ஜூன் 26

அன்புள்ள குட்டிக்கு,

உன் அண்ணன் நலம். நீயே பக்கத்தில் நின்று பார்த்தாய். இருந்தாலும் நீ பார்க்காததைச் சொல்கிறேன். முதல் நாள் வயிற்றைக் கழுவ நீ கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு அவர் பட்ட பாட்டைச் சொன்னால் பாவம். ஒவ்வொரு தடவையும் கழிவறையிலிருந்து உன் பெயரைச் சொல்லித்தான் வெளியே வந்தார். உள்ளே சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்துவிட்டார். இப்போது தெரு முழுக்க அவர் பேச்சுத்தான். "கண்ணாடி மாதிரி இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மெஷினுக்குத்தான் சீக்கு!"

கேடயம் வந்துவிட்டது. மைக் நன்றாகப் பேசினார். அதை வாங்கி மேடையில் உயர்த்திக் காட்டியவர் உன் அண்ணன். நான் கடையில் ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். குப்பியில் ரத்தம் காட்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் மெஷின் தப்பு என்றுதானே அர்த்தம்? மூலம் இருந்தாலும் காட்டும் என்று நீதானே எழுதினாய்? பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். அவளுக்கு ரத்தம் அவ்வப்போது கண்ணிலேயே படுகிறதாம்; மூலமாகத்தான் இருக்கும் என்றேன்.

மழைக்கு முன்னால் துணி எல்லாம் எடுத்து உதறினேன். போன வருஷம் எனக்குத் தைத்த சட்டைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கவேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் துணியே சரியில்லை, தளர்ந்துவிடுகிறது.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? அண்ணனின் வாய் இன்னும் ஓயவில்லையா? ஓயவில்லை என்று எனக்கே தெரிகிறது. உங்கள் தெருவில் விட்டுப்போனவர்களுக்கு அனுப்பிய குப்பிகளில் பாதி திரும்பவே இல்லை. "பஸ் டிரைவருக்கே பொய் சொன்ன மெஷின்" என்று பக்கத்து ஊர்வரை பேச்சு. ஒரு தெரு முழுக்க நாம் ஏற்றிவைத்ததை ஒரே மனிதர் டீக்கடையில் உட்கார்ந்து இறக்குகிறார், அதுவும் என் உடன்பிறந்தவர். அவரை யாராவது ஓவர்டைம் பார்க்கச் சொல்லக்கூடாதா?

மெஷின் தப்பு என்று அர்த்தமில்லை அண்ணி. எங்கிருந்தோ ரத்தம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். ரத்தம் கண்ணில் படுகிறது என்றால் குப்பி எல்லாம் வேண்டாம், நேரே டாக்டர்தான். மூலம் என்று நாமே முடிவு கட்டுவதுதான் இந்த நோய்க்கு நாம் விரிக்கும் பாய். அந்தப் பெண்ணின் பெயரை எழுதியனுப்புங்கள், தேதி வாங்கித் தருகிறேன்.

அறிக்கை எழுத உட்கார வேண்டும். எழுதுவது நான்தான், ஆனால் மைக் போட்ட முகப்பில் என் பெயர் இல்லை.

குட்டி


ஆகஸ்ட் 14

அண்ணி,

பெயர் எழுதியனுப்பச் சொன்னேன், பதில் இல்லை. அது இருக்கட்டும். நேற்று இங்கே நடந்ததைக் கேளுங்கள்.

உங்கள் தெரு லாரிக்காரர், நெட்டையன் என்பீர்களே, மனைவியோடு என் அறைக்கு வந்து மேஜையைத் தட்டினார். "மே மாசம் பூரா நான் லாரியில வெளியூரு. ஊர்லயே இல்லாதவனுக்கு எல்லாம் நல்லாருக்குன்னு சீட்டு குடுத்திருக்கீங்க. யாரோடதைப் பாத்தீங்க?" அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான்தான் சிஸ்டர் குடுத்தேன். எங்க தெருவுல பாதிப் பேரு வீட்டுல அப்படித்தான். ஒரே சட்டிச் சோறுதானே திங்கிறோம், என்ன வித்தியாசம் வந்துறப்போகுது?"

முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. பரிசோதனையே செய்துகொள்ளாத ஆண்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சீட்டை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அதில் ஒருவனுக்கு இருந்தால்? கேடயம் வாங்கினோமே! தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்திருக்கிறோம். உங்களுக்கு இது தெரியுமா? சங்கத் தலைவிக்குத் தெரியாமல் ஒரு தெருவே

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். இப்போது மறுபடி எழுதுகிறேன்.

அந்தக் குப்பிகளில் ஒரே ஒரு பெயரில்தான் ரத்தம் காட்டியது. அந்தப் பெயருக்கு உரியவரின் குடலில் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் உங்களுக்கு என்று ஒரு குப்பி கேட்டிருந்தீர்கள். நான் அனுப்பவில்லை. நீங்களும் மறுபடி கேட்கவில்லை. சட்டையைப் பிடித்துத் தைத்தேன் என்றீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்றீர்கள். உங்களுக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறதே அண்ணி, இரண்டு வருஷமாக.

போன் செய்தேன், எடுக்கவில்லை. அண்ணன் பெயரில் வந்தது யாருடையது?


ஆகஸ்ட் 28

அண்ணி,

வேன் இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பிவிட்டது. கடையில் இருந்தீர்களாம், "கடுதாசி இல்ல" என்றீர்களாம். என்மேல் கோபமா? கோபப்படுங்கள். உங்கள் கடிதங்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். முழங்கால், இருமல், பல்வலி எல்லாம் இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பதில் இல்லாவிட்டால் அடுத்த வேனில் ஏறி நானே வருகிறேன்.

குட்டி


செப்டம்பர் 3

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலமாக இல்லை.

எழுதிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. உலகம் அப்படியே இருக்கிறது.

என்னுடையதுதான். பரணிலிருந்து உன் அண்ணனின் பையை எடுத்தேன். அவர் பெயரை எழுதி ஒட்டினேன். ஆண்கள் எண்ணிக்கை ஏறாவிட்டால் உன் வேன் நின்றுவிடும் என்றாய். தலைவி வீட்டிலிருந்து வரவில்லை என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள். நான் செய்ததை நெட்டையன் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் மற்றவர்களிடம் சொன்னாள். உனக்கு நல்லது செய்வதாக நினைத்தோம். நீ ஒரு குப்பி, ஓர் ஆள் என்று எழுதியிருந்தாய். படித்தேன். படித்துவிட்டுத்தான் செய்தேன்.

ஆனால் அது பாதி உண்மைதான். மார்ச்சிலிருந்தே எனக்கு ரத்தம் கண்ணில் பட்டது. இஸ்திரிக்காரம்மாவுக்கு என் குப்பியைக் கொடுத்தேன் என்று பெருமையாக எழுதினேன் இல்லையா, கொடுத்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவர் பெயரில் போட்டால் எனக்கு வராது என்று ஓர் அசட்டு எண்ணம். வந்துவிட்டது. உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். உடனே சொல்லியிருக்கலாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன். அவரையும்தான் ஒரு தடவை பார்த்துவிடட்டுமே என்றும் நினைத்தேன். ஊரெல்லாம் போய், "பயப்படாதீங்க, சீக்கிரமா பாத்தா சீக்கிரமா சரியாயிடும்" என்று நாடாவைப் போட்டுக்கொண்டு பேசினவள் நான். எனக்கு வந்தபோது வாய் ஒட்டிக்கொண்டது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

நேற்று உன் அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்ப நான் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

நீ வரவேண்டாம். இந்தக் கடிதத்தை டிரைவர் கையில் கொடுத்தனுப்பப் போவதில்லை, நாளை அவர் வேனில் நானே கொண்டுவருகிறேன். குப்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறதாம்.

அண்ணி


நவம்பர் 27

குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. பஸ் ஏன் தாமதம் என்று டிப்போ மேனேஜருக்கு எழுதியதைத் தவிர நான் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். வெட்டி எடுத்தது போகப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் நோய் போயிருக்கிறது. நீ வெளியே போனபிறகு அவரிடம் ஒன்று கேட்டேன். மே மாதத்திலேயே இவள் வந்திருந்தால் இது அங்கே போயிருக்குமா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜூன் மாதம் அவள் படுத்திருக்க வேண்டிய மேஜையில் நான் படுத்திருந்தேன், குட்டி. அவள் வெளியே பெஞ்சில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பயத்துக்கு நான் கேடயம் வாங்கினேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். இரண்டு நாள் எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்தபடியே பை தைக்கிறாள். வேண்டாம் என்றால், "அப்ப நீங்க தைங்க" என்கிறாள். நூல் கோக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் சீட்டு வாங்கிய ஆண்கள் எல்லோர் வீட்டுக்கும் நானே போனேன். அந்தச் சீட்டைக் கிழித்துப்போடு, அது உன்னுடையது இல்லை என்றேன். எத்தனை பேர் மறுபடி கொடுத்தார்கள் என்று நினைக்கிறாய்? பாதிகூட இல்லை. ஒருவன், "உங்களுக்குத்தான் கண்ணாடி மாதிரி இருந்துச்சே, நீங்களே சொன்னீங்களே" என்று என் வார்த்தையையே என்மேல் எறிகிறான். கையை ஓங்கிவிட்டு இறக்கிக்கொண்டேன். நீ இந்த வேலையை இத்தனை வருஷம் எப்படிச் செய்கிறாய்? எனக்கு இரண்டு மாதத்திலேயே வயிறு எரிகிறது.

டிப்போவில் பேசினேன். இந்த வேனில் ஒன்பது பை வருகிறது. எனக்குக் கேமராவில் பார்த்துவிட்டதால் இப்போதைக்குத் தேவையில்லை என்று நீ சொன்னாய், அதனால் அதில் என்னுடையது இல்லை. ஒன்பதும் அவனவனுடையதே. ஒவ்வொருவனும் உள்ளே போனபோது டிப்போ கழிவறை வாசலில் நாற்காலி போட்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். தெருவிலிருந்து நான் இழுத்துவந்த நெட்டையன் மட்டும், "மாமா, நீங்க இருந்தா வரமாட்டேங்குது" என்றான். வருகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

இனி எழுதும்போது என் முழங்காலை விசாரிக்காதே. கடிதத்தை அவள் பெயருக்கே எழுது. முதல் வரியிலேயே நீ எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேள். நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்வாள். விடாதே, மறுபடி கேள்.

நான் நலம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் அண்ணன்